கற்கள் திரும்பி வந்த முப்பத்தாறு நாள்

கல்லூத்துப்பட்டிக் குவாரியிலிருந்து வெட்டிக்கொண்டு போன கற்கள் திரும்பி வரத் தொடங்கியது சித்திரை மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கு. குவாரியை மூடிப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. அறுபது மீட்டர் நீளமும் நாற்பது மீட்டர் அகலமுமாகச் செங்குத்தாக வெட்டிய அந்தப் பள்ளத்தில் பன்னிரண்டு மழைக்காலத்துத் தண்ணீர் பச்சையாக, அசையாமல், விளிம்புக்கு ஆறு மீட்டர் கீழே நின்றது. அதன் ஓரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒச்சு, ஒரு காலத்தில் அதே குவாரியில் துளை போடும் ஆளாக இருந்தவர், தண்ணீருக்கு மேலே ஓர் ஆள் உயரத்தில் ஒரு கல் இருப்பதைப் பார்த்தார். அது ஆகாயத்திலிருந்து விழவில்லை, எங்கிருந்தும் பறந்து வரவில்லை; இல்லாமல் இருந்தது, பிறகு இருந்தது, பிறகு விழுந்தது. விழுவதற்குள் அதன் பக்கவாட்டில் சிவப்புப் பெயின்ட்டில் எழுதியிருந்த எண்ணை அவர் படித்துவிட்டார்: 7200. குவாரியில் வெட்டிய கடைசிக் கல். விளிம்பில் வரிசையாக இருந்த அரைவட்டத் துளைகள் தன் கையால் போட்டவை என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஆடுகளை ஒன்றுசேர்த்து ஊருக்கு ஓட்டிக்கொண்டு கிளம்புவதற்குள் 7199 வந்துவிட்டது.

ஏழு நிமிஷம் சொச்சத்துக்கு ஒரு கல் வந்தது. நாளுக்கு இருநூறு கல். கடைசியாகப் போனது முதலில் வந்தது, அதற்கு முன்பு போனது அதற்கடுத்து வந்தது, ஒவ்வொன்றும் எந்த இடத்திலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டதோ அதே இடத்தில், இண்டு இடுக்கு இல்லாமல் போய் உட்கார்ந்தது.

ஊர் இதற்குப் பழக இரண்டு நாள்கூட ஆகவில்லை. நான்கு கல்லுக்கு அரிசி வெந்தது. டவுன் பஸ் டிரைவர் டீயை ஆற்றிக்கொண்டே "அடுத்த கல்லுக்கு எடுத்துருவேன், ஏறுங்க" என்றார். நிறைமாதமாக இருந்த ஒரு பெண்ணுக்கு வலி கண்டபோது, "ரெண்டு கல்லுக்கு ஒரு தடவ வருதா, கல்லுக்குக் கல்லு வருதா?" என்று நர்ஸம்மா கேட்டார், அவள் சரியாகப் பதில் சொன்னாள். வெளியூர்களில் ஒரு வங்கியின் தரை விடிவதற்குள் காணாமல் போய் வேலைக்கு வந்தவர்கள் மணலில் நின்றார்கள் என்றும், சமையலறை மேடைகள் மறைந்து அடுப்புகள் தரையில் உட்கார்ந்திருந்தன என்றும், கடல் கடந்த ஒரு ஹோட்டலின் வாசலில் தண்ணீரில் சுழன்றுகொண்டிருந்த கல் கோளமும், எங்கோ ஒரு சமாதியின் தலையில் இருந்த கூம்பும், ஒரு மாளிகையின் உருளைத் தூண்கள் பதினாறும் போன இடம் தெரியவில்லை என்றும் செய்தி வந்தது. எந்த வடிவத்தில் போயிருந்தாலும், இழைத்த தூளைக்கூட விட்டுவிடாமல் ஒன்றுசேர்ந்து, போன நாளன்று இருந்த அதே கட்டையாகத்தான் அவை வந்தன. செல்போனில் பிடித்தவர்களுக்குத் தண்ணீர் தெறிப்பது மட்டுமே பதிவானது. தேடி வந்த ஒன்றிரண்டு பேரும் விளிம்பில் நின்று பார்த்துவிட்டு, டீ குடித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

ஊரில் ஒருத்தி மட்டும் ஒவ்வொரு சத்தத்தையும் பயத்தோடு எண்ணிக்கொண்டிருந்தாள். அவள் பெயர் பஞ்சவர்ணம். ஊராட்சித் தொட்டிக்கு மோட்டார் போடுகிற வேலை அவளுக்கு. அதற்கு முன் குவாரி ஓடிய காலமெல்லாம் அங்கே கல்லுக்கு அளவு எடுத்தவள் அவள்தான். டேப்பைப் பிடித்து நீளம், அகலம், உயரம் சொல்லுவாள். மேனேஜர் நோட்டில் எழுதுவார். ஊர் அப்படித்தான் நினைத்திருந்தது.

பக்கத்து வீட்டில் இருந்தவள் மூக்காயி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் சுவர் ஒன்றுதான், குழம்பும் ஒன்றுதான் என்று சொல்லலாம். ஒருத்தி வைத்தால் மற்றவள் வீட்டுக்கும் கிண்ணம் போகும். மூக்காயியின் புருஷன் சேவுகன் பதினாறு வருஷத்துக்கு முன் அந்தக் குவாரியில் கல் சரிந்து செத்தான். இருபத்தாறு மீட்டர் ஆழத்தில் செத்தான். ஆனால் அரசாங்கம் அந்தக் குவாரிக்கு அனுமதி கொடுத்தது இருபத்து நான்கு மீட்டர் ஆழத்துக்குத்தான், நோட்டிலும் இருபத்து நான்கு மீட்டரைத் தாண்டாத அளவுக்குத்தான் கல் இருந்தது. விசாரிக்க வந்தவர்கள் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இருபத்தாறு மீட்டர் என்று ஓர் இடமே அங்கே இல்லை, இல்லாத இடத்தில் ஒரு மனுஷன் எப்படிச் சாக முடியும் என்று கேட்டார்கள். கூட வேலை பார்த்தவர்கள் சொன்ன சொல் எடுபடவில்லை. குடித்துவிட்டு ரோட்டோரம் விழுந்து செத்ததாகக் காகிதம் முடிந்தது. வாழ்நாளில் சாராயத்தைத் தொடாத மனுஷன். அன்றிலிருந்து மூக்காயி கண்ணீர் விட்ட நேரத்தைவிடச் சாபம் விட்ட நேரம்தான் அதிகம். அரிசி புடைக்கும்போதும், தலை வாரும்போதும், பஞ்சவர்ணத்தின் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆயும்போதும் சொல்லுவாள்: "அந்த நோட்ட எழுதுன கை அழுகிப் போகணும்டி பஞ்சு."

"ஆமாக்கா" என்பாள் பஞ்சவர்ணம்.

எழுதிய கை அவளுடையது.

மேனேஜருக்குக் கணக்கு வராது. முதலாளி மருதப்பன் இருபத்து நான்கோடு நிற்கப் போவதில்லை, முப்பத்தாறு வரை போகப் போகிறார் என்று தெரிந்ததும், வெளியே போகிற கல்லையும் உள்ளே இருக்கிற பள்ளத்தையும் எப்படி ஒத்துப்போகச் செய்வது என்று தெரியாமல் மேனேஜர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது, அவள்தான் சொன்னாள்: "மூணு மீட்டர் நீளமுள்ள கல்ல ரெண்டு மீட்டர்னு எழுதுனா சரியாப் போகும் சார். பன்னெண்டு கன மீட்டர் எட்டாயிரும். முப்பத்தாறு இருபத்தி நாலாயிரும்." சின்ன வயது, யாரும் மிரட்டவில்லை, கணக்கு அவ்வளவு அழகாக, மீதியே இல்லாமல் வந்ததில் அவளுக்கு அன்றைக்கு ஒரு பெருமைகூட இருந்தது. மேனேஜரின் கையெழுத்து மாதிரியே பழைய பக்கங்களையும் திருத்தி எழுதிக் கொடுத்தாள். மூன்றாம் மாதம் சேவுகனைப் பாயில் சுற்றி மேலே கொண்டுவந்தார்கள்.

கல் வரத் தொடங்கிய மூன்றாம் நாள் தாலுகாவிலிருந்து இம்மானுவேல் என்ற பொறியாளர் வந்தார். ஒடிசலான ஆள், பேசுவதற்கு முன் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பவர். கல் வருவதைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை; தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை மட்டும் பார்த்தார். பாறைச் சுவரில் கோடு போட்டார், கூடவே கொண்டுவந்திருந்த குவாரி நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு விளிம்பில் உட்கார்ந்தார், பிறகு சுற்றி நின்றவர்களிடம் சொன்னார்:

"ஒரு கல்லு எவ்வளவு எடத்த அடைக்குதோ அவ்வளவு தண்ணி மேல வரணும். நோட்டுப்படி ஒரு கல்லு எட்டு கன மீட்டர். இருநூறு கல்லுன்னா நாளுக்கு ஆயிரத்து அறுநூறு. பள்ளத்தோட பரப்பு ரெண்டாயிரத்து நானூறு. வகுத்துப் பாத்தா நாளுக்கு அறுபத்தேழு சென்டி ஏறணும். மூணு நாளைக்கு ரெண்டு மீட்டர். ஆனா மூணு மீட்டர் ஏறியிருக்கு."

"கல்லு பெருசு சார்" என்றார் ஒச்சு. "நாங்க அப்பவே சொன்னோம்."

"நீங்க சொல்றத எழுத முடியாதே. கண்ணு இமைக்கிற நேரம் நிக்கிற கல்லுல யாரு டேப் பிடிக்கிறது?"

ஆழம் பார்க்கக் குண்டு கட்டிக் கயிறு விட்டார்கள். கல் விழுகிற சுழிப்பு கயிற்றைப் பிடித்து இழுத்தது. ஒரு தடவை பதினெட்டு மீட்டர் என்றது, ஒரு தடவை நாற்பது என்றது, மூன்றாம் தடவை கயிறே திரும்பி வரவில்லை. அப்போது முதலாளி மருதப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "அடியில ஊத்து இருக்கு சார். கல்லு விழுந்து ஊத்துக்கண்ணு தொறந்துக்கிச்சு. அதான் கூடுதலா ஏறுது. கல்லு நெறஞ்சா அதுவே அடைபட்டுப்போகும்" என்றார். சொல்லும்போது அவர் பார்வை பொறியாளர் மேல் இல்லை. கூட்டத்தின் பின்னால் நின்ற பஞ்சவர்ணத்தின் மேல் இருந்தது.

அடுத்த நாள் மதியம் மருதப்பன் மோட்டார் ரூமுக்கே வந்தார். மோட்டார் ஓடுகிற சத்தத்தில் வெளியே யாருக்கும் கேட்காது.

"மேனேஜரு போய்ச் சேந்துட்டாரு. நோட்டு அவரு எழுதுனதாவே இருக்கட்டும்" என்றார்.

அவள் சுவிட்சையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் உன்ன ஒண்ணும் செய்யப்போறதில்ல பஞ்சவர்ணம். ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறேன். மூக்காயிக்குத் தெரிஞ்சா, அப்புறம் அந்த வீட்டு வாசல்ல நீ கால வைக்க முடியுமா?"

அவர் பயந்தது எதற்கென்று அவளுக்குத் தெரியும். குவாரித் தண்ணீர் வழிந்தால் போவதற்கு இரண்டு வழிதான். ஒன்று, குவாரிக்குக் கீழே காய்ந்து கிடந்த சின்னக் கண்மாய். அதன் கரைக்கு அடியில்தான் குவாரி ஆட்களின் நூற்றுப்பத்து வீடுகள், அவள் வீடும் மூக்காயி வீடும் சேர்த்து. இன்னொன்று, நான்கு கிலோமீட்டர் தள்ளியிருக்கிற பெரிய கண்மாய்க்குப் போகிற பழைய ஓடை. அந்த ஓடையைத் தூர்த்துத்தான் மருதப்பன் முந்நூறு தென்னை வைத்து மதில் கட்டியிருந்தார். சின்னக் கண்மாய் ஐம்பதாயிரம் கன மீட்டர் கொள்ளும். நோட்டுப்படி பள்ளத்தில் இருக்கிற தண்ணீர் நாற்பத்து மூவாயிரத்து இருநூறு. கண்மாய்க்குள் அடங்கிவிடும், தோப்பைத் தொட வேண்டியதில்லை. உண்மையான ஆழத்துக்கு எழுபத்திரண்டாயிரம். கற்கள் எல்லாம் வந்து பள்ளம் நிறையும்போது அந்த எழுபத்திரண்டாயிரமும் வெளியே வந்துதான் தீரும். நாளுக்கு இரண்டாயிரத்து நானூறு வீதம் வழிந்தால், இருபத்தேழாம் நாள் கண்மாய் நிறையும். அதற்கப்புறமும் ஒன்பது நாள் கல் வரும். ஓடையைத் தூர் வாரப் பத்து நாளாவது வேண்டும். பதினேழாம் நாளைத் தாண்டி உண்மையைச் சொன்னாலும் பிரயோஜனமில்லை. இதையெல்லாம் அவள் பேப்பர் இல்லாமல், அடுப்பங்கரையில் நின்றபடியே போட்டு முடித்தாள்.

ஆறாம் நாள் முடிந்து ஏழாம் நாள் தொடங்குகிற நேரத்துக்குத் தண்ணீர் விளிம்பைத் தொட்டது, ஜேசிபி வெட்டி வைத்திருந்த கால்வாயில் இறங்கிச் சின்னக் கண்மாய்க்குப் போனது, ஊர் குலவை போட்டது. பத்து வருஷமாக விரிசல் விட்டுக் கிடந்த கண்மாய்த் தரையில், கோடை வெயிலில், மழையே இல்லாமல் தண்ணீர் பரவுவதைப் பார்த்துப் பெண்கள் மஞ்சளும் பூவும் விட்டார்கள். யாரோ மீன் குஞ்சு வாங்கி வந்து விட்டார்கள். எருமைகள் கழுத்தளவு இறங்கி நின்று வெளியே வர மறுத்தன. கரை ஓரத்தில் மூக்காயியும் நின்று குலவை போட்டாள். பஞ்சவர்ணம் அந்தக் கரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். களிமண்ணும் கருவேல வேரும்தான் அந்தக் கரை.

"ஏண்டி, எல்லாரும் சிரிக்கிறாக, நீ மட்டும் எழவு வீட்டுக்கு வந்தவ மாதிரி நிக்கிற?" என்றாள் மூக்காயி.

"வெயிலுக்கா."

பதினோராம் நாள் மூக்காயி காலையிலிருந்தே குவாரி விளிம்பில் போய் உட்கார்ந்துவிட்டாள். சேவுகன் மேல் சரிந்த கல் 5117 என்று ஒச்சு அவளிடம் சொல்லியிருந்தார். அதற்கு எண் போட்ட பெயின்ட் காய்வதற்கு முன்பே அது சரிந்தது, அதை அப்படியே கழுவி விற்றுவிட்டார்கள். பஞ்சவர்ணம் சோறு கட்டிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். 5120 விழுந்தது. 5119 விழுந்தது. 5118. அப்புறம் அந்த ஏழு நிமிஷம். அதில் ஊரே விளிம்புக்கு வந்து நின்றுவிட்டது, ஒரு குழந்தை அழ ஆரம்பித்ததும் அதன் தாய் அதைத் தூக்கிக்கொண்டு தூரமாகப் போனாள்.

கல் வந்தது. மற்றவை போல உலர்ந்து இல்லை. ஒரு முனையில் ஈரமாக இருந்தது. மூக்காயி எழுந்து நின்று, "இந்தா இருக்கு, இல்லாத எடத்துக் கல்லு இந்தா இருக்கு" என்று கத்தினாள், கல் தண்ணீருக்குள் போனது, அவள் பஞ்சவர்ணத்தின் மடியில் விழுந்தாள். "அந்தக் கை..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. பஞ்சவர்ணம் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். சொல்லிவிடு, இப்போது சொல்லிவிடு என்று உள்ளே ஒன்று சொன்னது. வாய் திறந்தது. "தண்ணி குடிக்கா" என்றுதான் வந்தது.

பதிமூன்றாம் நாள் இம்மானுவேல் மோட்டார் ரூமுக்கு வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அக்கா, கல்லுக்கு டேப் பிடிச்சது நீங்கதான?"

"ஆமா சார்."

"ஊத்துங்கிறது பொய். கல்லு வர்ற அந்த நொடியிலதான் தண்ணி ஏறுது, நடுவுல ஏறல. கோடு போட்டுப் பாத்துட்டேன். கல்லு பன்னெண்டு கன மீட்டர். ஒவ்வொண்ணும். தண்ணிக்குப் பொய் சொல்லத் தெரியாது."

அவள் ஒழுகிய வால்வைத் திருகி இறுக்கினாள்.

"ஆனா நோட்டு எட்டுங்குது. ஒரு மதில இடிக்கணும்னா நோட்டு பொய்யின்னு எழுதுன ஆளு வந்து சொல்லணும், கையெழுத்துப் போடணும். இல்லாட்டி அந்தாளு நாளைக்கே கோர்ட்டுக்குப் போய் நிறுத்திடுவாரு. நோட்டுல பழைய பக்கமும் புதுப் பக்கமும் ஒரே மையில எழுதியிருக்கு அக்கா. மேனேஜருக்குக் கணக்கே வராதுங்கிறாங்க, அவரு எழுதலன்னு எனக்குத் தோணுது."

"எனக்கு நெனப்பில்ல சார்" என்றாள் அவள்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நூத்திப்பத்து வீட்டுல எத்தன பேரு இருப்பாங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டார்.

பதினேழாம் நாள் காலை, கண்மாய்க் கரையின் வெளிப்பக்கத்தில், மூக்காயி வீட்டுக் கொல்லைக்கு நேரே, மண் வேர்த்திருந்தது. கையை வைத்துப் பார்த்தாள் பஞ்சவர்ணம். ஈரம் உள்ளங்கையில் ஒட்டியது. அந்தக் கையோடு அப்படியே நடந்து, பொறியாளரிடம் போகாமல், மூக்காயி வீட்டுக்குள் போனாள்.

மூக்காயி பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்த நோட்ட நான் எழுதுனேன்."

"எந்த நோட்டு?"

"குவாரி நோட்டு. மேனேஜரு இல்ல. நான்தான். மூணு மீட்டர ரெண்டுன்னு எழுதுனேன். அதான் நோட்டுல பள்ளம் இருபத்தி நாலத் தாண்டல."

மூக்காயியின் விரல் தட்டில் நின்றது. வெளியே ஒரு கல் விழுந்தது. அடுத்த கல் விழுகிற வரைக்கும் அவள் நிமிரவில்லை. பிறகு, சந்தைக்கடையில் விலை கேட்பதுபோல, மெதுவாகக் கேட்டாள்:

"எத்தன மீட்டர்னு எழுதுன?"

"இருபத்தி நாலு."

"அவரு செத்தது?"

"இருபத்தாறு."

"ரெண்டு மீட்டர்." மூக்காயி உட்கார்ந்தபடியே ஒரு கையைத் தரையில் வைத்து, மறு கையைத் தலைக்கு மேலே எட்டிய மட்டும் தூக்கிப் பார்த்தாள். "ஒரு ஆளு நிக்கிற ஒசரம். அந்த ஒசரத்துக்குள்ளதான் எம் புருசன் நின்னாரு. அத நீ அழிச்சுட்ட."

"ஆமாக்கா."

"பதினாறு வருசம் எங் கிண்ணத்துல தின்ன."

"ஆமா."

"எதுக்குடி இப்பச் சொல்ற?"

பஞ்சவர்ணம் கரை வேர்த்திருப்பதைச் சொன்னாள். எழுபத்திரண்டாயிரத்தைச் சொன்னாள். பத்து நாளைச் சொன்னாள். இன்றைக்குத்தான் கடைசி என்றாள்.

மூக்காயி பருப்புத் தட்டை நகர்த்தி வைத்தாள். அடிக்கப் போகிறாள் என்று பஞ்சவர்ணம் நினைத்தாள், அடிக்கட்டும் என்று நின்றாள். "வெளிய போ" என்றாள் மூக்காயி. "போய் அந்தச் சாருகிட்டச் சொல்லு. நாலு பேரு கேக்கச் சொல்லு. எனக்காக ஒண்ணும் சொல்ல வேணாம். கீழ இருக்கிற புள்ளகுட்டிகளுக்காகச் சொல்லு."

பஞ்சவர்ணம் குவாரி விளிம்பில் நின்று, கல் விழுகிற சத்தத்துக்கு நடுவே, ஒச்சும் மற்ற ஆட்களும் கேட்க, மருதப்பன் கேட்க, எல்லாவற்றையும் சொன்னாள். ஒச்சு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ஏத்தா, எங்க சொல்லெல்லாம் பொய்யாப் போச்சேன்னு நான் எத்தன நாளு சோறு திங்காமக் கெடந்தேன் தெரியுமா?" என்றார். இம்மானுவேல் அவள் சொன்னதை எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினார். சாயங்காலத்துக்குள் மதில் விழுந்தது. மருதப்பன் முதல் தென்னையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய சொந்த டிரைவரே வந்து அவரை விலக்கிக்கொண்டு போனான்.

அதற்கப்புறம் பத்து நாள் ஊர் வேறு எதையும் செய்யவில்லை. ஜேசிபி இரண்டு வந்தன. போகாத இடத்தில் மண்வெட்டியும் சாந்துச்சட்டியும் போயின. பஞ்சவர்ணமும் வெட்டினாள். வரிசையில் அவளுக்கு இரு பக்கமும் ஓர் ஆள் இடம் விட்டே நின்றார்கள்; தண்ணீர்க்குடம் அவளைத் தாண்டிப் போனது; ஆனால் அவள் கையிலிருந்து மண்வெட்டியை யாரும் பிடுங்கவில்லை. மணிக்கு ஒரு தடவை அவள் கண்மாய்க்கு ஓடி, நட்டு வைத்த அளவுகோலைப் பார்த்து வந்து எண் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் அவள் பின்னாலேயே இன்னொருவர் போய்ச் சரிபார்த்து வந்தார். எண் ஒருநாளும் மாறவில்லை. வீடுகளைக் காலி செய்து பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். ஆடுமாடுகளை மேட்டில் கட்டினார்கள். கரையில் ஒழுக்கு விரல் பருமனிலிருந்து கை பருமனாகி, மணல் மூட்டை போடப் போட இன்னொரு இடத்தில் திறந்தது.

இருபத்தாறாம் நாள் ஓடையின் குறுக்கே, தோப்புக்கு அடியில், யாரும் எதிர்பார்க்காத ஒரு பாறை படுத்துக் கிடந்தது. ஜேசிபியின் பல் அதில் வழுக்கியது. வெடி வைத்தால் அதிர்ச்சியில் கண்மாய்க் கரை போய்விடும் என்றார் இம்மானுவேல். அப்போது ஒச்சு வீட்டுக்குப் போய்ப் பரணிலிருந்து உளியும் சம்மட்டியும் எடுத்து வந்தார். அவரைப் பார்த்துப் பழைய ஆட்கள் பதினோரு பேர் எடுத்து வந்தார்கள். ஒருவர் துளை போட, ஒருவர் ஆப்பு இறக்க, ஒருவர் அடிக்க, பன்னிரண்டு வருஷம் கல்லைத் தொடாத கைகள் மறுநாள் மதியம் வரை அந்தப் பாறையை அடித்தன. மதியம் பஞ்சவர்ணம் ஓடி வந்து, "கர முட்ட நாலு விரக்கடதான் இருக்கு" என்றாள். சரிபார்க்க யாரும் போகவில்லை, நேரம் இல்லை. இரண்டு மணிக்கு, "ரெண்டு விரக்கட" என்றாள். கரைமேல் நின்றவர்கள் இறங்கி ஓட ஆரம்பித்தார்கள். பாறை நடுவில் விரிந்து, ஒரு பெருமூச்சு மாதிரி சத்தம் வந்து, இரண்டாகப் பிரிந்தது. ஜேசிபி சின்னக் கண்மாய்க்குப் போகிற கால்வாயை மண் தள்ளி அடைத்தது. குவாரித் தண்ணீர் ஒரு நிமிஷம் என்ன செய்வதென்று தெரியாததுபோல் நின்று சுழன்று, பிறகு தென்னைகளுக்கு நடுவே, பழைய ஓடையில், பெரிய கண்மாயைப் பார்த்துத் திரும்பியது. அன்றைக்குக் குலவை போட யாருக்கும் தெம்பில்லை. இருந்த இடத்திலேயே படுத்துக்கொண்டார்கள்.

மீதி ஒன்பது நாளும் கல் வந்துகொண்டே இருந்தது. முப்பத்தாறாம் நாள் முடிந்து மறுநாள் காலை பத்து மணிக்கு ஒன்றாம் எண் கல் வந்து உட்கார்ந்ததும் சத்தம் நின்றது. பள்ளம் இருந்த இடத்தில் ஒரு தழும்புகூட இல்லாத பாறை இருந்தது, அதன்மேல் கொஞ்சம் ஈரம் இருந்தது, வெயில் ஏற அதுவும் போனது. அடுத்த கல்லுக்குப் பஸ்ஸை எடுக்கலாம் என்று இருந்த டிரைவர் வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

பெரிய கண்மாய்த் தண்ணீரில் அந்த வருஷம் நான்கு ஊர் நாற்றுப் பாவியது. இம்மானுவேல் தன் அறிக்கையில் ஆழம் முப்பத்தாறு மீட்டர் என்று எழுதினார். சேவுகனின் சாவுக் காகிதத்தை மறுபடி விசாரணைக்கு எடுத்தார்கள். மருதப்பன் மேல் வழக்கு வந்தது, அதில் பஞ்சவர்ணத்தின் பெயரும் சேர்ந்தே இருந்தது, மாதம் ஒருமுறை அவள் ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு வந்தாள். மோட்டார் வேலையை விட்டு அவளை எடுக்கவில்லை. மூக்காயி அவளிடம் பேசவில்லை. சுவரின் இரு பக்கமும் இரண்டு குழம்பு கொதித்தது.

ஆடி மாதம் ஒரு காலையில் மூக்காயி மோட்டார் ரூம் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"அந்த எடம் எதுன்னு உனக்குத் தெரியுமா?"

"எந்த எடம்க்கா?"

"அவரு நின்ன எடம். மேல இருந்து பாத்தா எங்க வரும்? ஒச்சண்ணன் இங்கிட்டுங்கிறாரு, இன்னொருத்தரு அங்கிட்டுங்கிறாரு. உனக்குக் கணக்குல தெரியுமா?"

"தெரியும்."

இருவரும் பாறைக்குப் போனார்கள். பஞ்சவர்ணம் கிழக்கு விளிம்பு இருந்திருக்க வேண்டிய இடத்தைப் பழைய எல்லைக்கல்லை வைத்துக் கண்டுபிடித்தாள். டேப்பின் ஒரு முனையை அங்கே வைக்க ஆள் வேண்டியிருந்தது, அவள் கேட்கவில்லை, மூக்காயி குனிந்து அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தாள். நீளத்துக்கு முப்பத்தொன்று. பிறகு வடக்கு விளிம்பிலிருந்து அகலத்துக்குப் பதினான்கு. பஞ்சவர்ணம் செங்கல் துண்டால் ஒரு வட்டம் போட்டு, "இங்கக்கா. நேரா கீழ, இருபத்தாறு மீட்டர்" என்றாள்.

"கூடக்கொறச்சல் இல்லையே?"

"இல்ல."

மூக்காயி அந்த வட்டத்துக்குள் போய் உட்கார்ந்து, சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, பாறையின்மேல் உள்ளங்கையை வைத்தாள். அது வெயிலில் கொஞ்சம் சூடாக இருந்தது. பஞ்சவர்ணம் டேப்பைச் சுருட்டியபடி நின்றாள். போவதா நிற்பதா என்று தெரியவில்லை.

மூக்காயி தலையைத் தூக்காமலே சொன்னாள்:

"இப்பப் போ. நாங் கொஞ்ச நேரம் தனியா இருக்கணும். நாளைக்கு வேணா வா."